கால் பட்ட கல்

தெரியாமல் எதன் மீதாவது கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். புத்தகம், காசு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கால். அதற்கு மேல் நாம் போவதில்லை. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் போவார். செருப்பு, வாளி, உருண்டு வந்த தேங்காய் மூடி, சுருட்டி வைத்த ஜமக்காளம், யாரோ ஒருவருடைய டிபன் கேரியர் எல்லாமே அவருக்குப் புத்தகம் மாதிரிதான். பட்ட அடுத்த நொடி வலது கை கீழே போகும், விரல் நுனி தொடும், இரண்டு கண்ணிலும் ஒற்றும். இதற்காகப் பேச்சை நிறுத்தமாட்டார். சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் சண்டைக்கு நடுவில் இது நடந்துவிடும்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது அவர் சொன்னதுதான். ஒருமுறை உள்ளூர் நிருபர் ஒருவர் எங்களைப் பற்றிச் செய்தி போடப் பெயர் கேட்டபோது, “என் பேர போடாதீங்க. நாளைக்கி அந்தப் பேப்பர்ல போண்டா மடிச்சி ரோட்ல போட்டுடுவாங்க. யார்னா தெரியாம மிதிச்சிட்டா அவங்களுக்குத்தான பாவம்?” என்றார். அந்த நிருபரை இதுவரை யாரும் இப்படி யோசிக்க வைத்ததில்லை போல. பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அவரோடு பஸ்ஸில் போவது பெரிய பேஜார். ஓர் ஆடி வெள்ளியன்று, கோயிலுக்குப் போகிற கூட்டத்தில், பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியதில் கண்டக்டரின் காலை மிதித்துவிட்டார். நிற்கவே இடமில்லாத இடத்தில் எப்படியோ குனிந்து அவர் காலைத் தொடப் போனார். கண்டக்டர் பதறிவிட்டார். “ஏம்மா, இன்னாம்மா பண்ற? எழுந்துரும்மா!” என்று அவர் கத்த, பின்னால் இருந்த ஒரு பெண், “இன்னா வுழுந்துச்சி? செயினா?” என்று கேட்க, பாதி பஸ் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டது. விசில் அடித்து வண்டியை நிறுத்தினார்கள். அக்கா நிமிர்ந்து, “ஒண்ணியும் வுழல. இவரு கால மிதிச்சிட்டேன், அவ்ளோதான்” என்றார். அதன் பிறகு அந்தக் கண்டக்டர் எங்களைப் பார்த்தால் பஸ்ஸின் மறு கோடிக்குப் போய்விடுவார்.

இந்த அக்காவோடுதான் நான் பெண்களுக்கான தேசியக் கர்லிங் போட்டிக்குப் போனேன்.

கர்லிங் என்றால் என்ன என்று ஆரணியில் நான் சொல்லாத ஆள் இல்லை. இன்னொரு முறை சொல்வதில் சிரமமில்லை. ஐஸ் தரையில், ஒரு கோடியிலிருந்து, கைப்பிடி வைத்த கனமான கருங்கல் ஒன்றை வழுக்கி விடவேண்டும். மறுகோடியில் வட்டம் வரைந்திருக்கும். நடுப்புள்ளிக்கு யார் கல் அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல் போகும்போது அதற்கு முன்னால் இரண்டு பேர் பிரஷ்ஷால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். ஆனால் ஓடுகிற கல் மீது பிரஷ் படக்கூடாது, கால் படக்கூடாது. பட்டால், கல் நின்ற பிறகு எதிரணித் தலைவி முடிவு சொல்வார். இருக்கட்டும் என்றும் விடலாம், எடுத்துவிடு என்றும் சொல்லலாம்.

ஆரணியில் ஐஸ் ஜூஸ் கடையில் கிடைக்கும், மீன் மார்க்கெட்டில் கிடைக்கும். ஆகவே நாங்கள் கல்யாண மண்டபத்தில் ஆடினோம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒரு பி.டி. மாஸ்டர் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, அடியில் சக்கரம் வைத்த கற்களை வழவழப்பான தரையில் தள்ளச் சொல்லிக்கொடுத்தார். நான் அப்போது செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தேன். களம்பூரிலிருந்து ஒரு பெண், அவள் அப்பாவுக்கு ரைஸ் மில்லில் வேலை. வந்தவாசியிலிருந்து ஒரு பெண், கல்லூரி முடித்துவிட்டுச் சும்மா இருந்தவள். நான்காவது ஆள் கிடைக்காமல் தவித்தபோதுதான் அக்கா வந்தார். மண்டபத்துக்குப் பின் தெருவில் அவர் வீடு. மாமியாரும் அவரும் வீட்டிலேயே ஆளுக்கொரு தறியில் பட்டுச் சேலை நெய்கிறவர்கள். “கடகடன்னு சத்தம் வருதே, கல்யாணம் இல்லாத நாள்ல இன்னா ஓடுதுன்னு பாக்க வந்தேன்” என்றார். பார்த்தார். ஒரு கல்லைத் தள்ளினார். அது வட்டத்துக்குள் போய் நின்றது. மறுநாளும் வந்தார். மாநிலத்தில் எங்களோடு போட்டி போட வேறு பெண்கள் அணி இல்லாததால், நாங்கள் நால்வரும் மாநில அணி ஆகிவிட்டோம்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். தேய்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முதுகு வளைந்தால் கல் நிற்கும் வரை நிமிரமாட்டார். ஒரே சிக்கல் இந்தக் கால் விவகாரம்தான். ஒரு நாள் களம்பூர்ப் பெண் தள்ளிய கல் கோணிக்கொண்டு போய் ஓரமாக நின்றிருந்த அக்காவின் கணுக்காலில் இடித்தது. நல்ல அடி. வலியில் முகம் சுருங்கிவிட்டது. அப்போதும் குனிந்து கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

“அது வந்து உங்கள இடிச்சிதுக்கா! நீங்க எதுக்கு கும்பிடுறீங்க?” என்றேன்.

“அதுக்கு கண்ணா இருக்குது? எனக்குத்தான இருக்குது. நான் நவுந்துகினு இருக்கணும்.”

அன்று மாலைதான் மாஸ்டர் அந்த விதியைச் சொன்னார். இந்த ஆட்டத்தில் கல் மீது பட்டதை நடுவர் கண்டுபிடித்து விசில் ஊதுவதில்லை. பட்டவரே கை தூக்கிச் சொல்லவேண்டும். களம்பூர்ப் பெண் உடனே, “யாரும் பாக்கலன்னா சார்?” என்றாள். “அப்பவும்தான்” என்றார் மாஸ்டர். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரித்தாரா என்பது எனக்கு நினைவில்லை.

போட்டி காஷ்மீரில் ஒரு மலை ஊரில் என்று தகவல் வந்தது. தை மாதம். பட்டு நெய்கிற வீட்டில் தை மாதம் என்றால் மூச்சு விட நேரமிருக்காது. முகூர்த்தச் சேலை கேட்டு ஆட்கள் வாசலில் நிற்பார்கள். அந்த மாதத்தில் ஒரு தறியை நிறுத்திவிட்டு மருமகள் ஐஸில் கல் தள்ளப் போகிறேன் என்றால் எந்த மாமியார் ஒத்துக்கொள்வார்? அக்காவின் கணவர் பட்டு வியாபாரத்துக்குக் காஞ்சிபுரம், சென்னை என்று அலைகிறவர். வீட்டில் சட்டம் எல்லாம் மாமியார்தான். அணித் தலைவி என்ற முறையில் நான்தான் போய்க் கேட்கவேண்டியிருந்தது.

காலையில் போனேன். மாமியார் அப்போதுதான் தறிக்குழிக்குள் இறங்க வந்தார். இறங்குவதற்கு முன் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு குழிக்குள் காலைவிட்டு உட்கார்ந்து, கீழே உள்ள மிதிகட்டைகளை மிதிக்க ஆரம்பித்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கையும் நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை.

“எத்தினி நாளு?” என்றார்.

சொன்னேன்.

“தையில தறிய நிறுத்திட்டுப் போறதுன்னா வெளாட்டா? சரி. ஆசப்பட்டுகினு கீறா. ஒரு வாட்டி போயிட்டு வரட்டும். மெடலோட வந்தா அப்பால பேசலாம். வெறுங்கையோட வந்தா அந்தப் பிரஷ்ஷ ஆத்துல போட்டுட்டு தறியில ஒக்காரணும். அப்புறம் மண்டபம், கல்லுன்னு என் காதுல வுழக்கூடாது.”

உள்ளே நின்றிருந்த அக்கா சரி என்பதுபோலத் தலையாட்டினார். தெருவுக்கு வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “எப்டினா ஒரு மெடல் வாங்கிடணும்டி. எனக்கு இந்த ஆட்டம் வேணும்” என்றார். “எனக்கு வேணும்” என்று அக்கா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவ்வளவு ஆசையா இதில் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

காஷ்மீரில் எங்களைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மஃப்ளர், மூக்கு மட்டும் வெளியே. முதல் நாள் நாங்கள் விழாத இடமில்லை. ஆனாலும் மண்டபத்துத் தரை எங்களை ஏமாற்றவில்லை. இரண்டு அணிகளை வென்றோம், இரண்டிடம் தோற்றோம், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். எதிரே ஒரு மலை மாநிலத்துப் பெண்கள். பிறந்ததிலிருந்து பனியைப் பார்த்தவர்கள். கடைசிக் கல் என்னுடையது. அது அவர்கள் கல்லைவிட நடுப்புள்ளிக்கு அருகில் நின்றால் எங்களுக்கு வெண்கலம்.

தள்ளினேன். கை விட்டதுமே தெரிந்துவிட்டது, நல்ல கல். ஆனால் வேகம் கொஞ்சம் குறைவு. “தேய்! தேய்!” என்று பின்னாலிருந்து கத்தினேன். அக்காவும் களம்பூர்ப் பெண்ணும் கல்லுக்கு முன்னால் குனிந்து தேய்த்துக்கொண்டே போனார்கள். வட்டத்தில் நின்ற வந்தவாசிப் பெண் இரண்டு கையையும் ஆட்டி அழைத்தாள். கல் வட்டத்துக்குள் நுழைந்தது. அந்த நேரத்தில் அக்காவின் ஷூ நுனி கல்லின் ஓரத்தில் பட்டது. பட்டதா, உரசியதா என்றுகூடச் சொல்ல முடியாது. கல்லுக்கும் தெரிந்திருக்காது. நடுவர் எங்கோ தூரத்தில் கையைத் தேய்த்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

ஆனால் அக்காவின் வலது கை பிரஷ்ஷை விட்டுவிட்டுக் கீழே போனது. ஓடுகிற கல்லைத் தொட்டது. இரண்டு கண்ணிலும் ஒற்றியது.

கல் நடுப்புள்ளி மேலேயே போய் நின்றது. வந்தவாசிப் பெண் குதித்தாள். எதிரணித் தலைவி மட்டும் அசையாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் விரல்களை நெற்றியில் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். வெளிநாட்டுக்காரியாக இருந்தால் குளிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று நினைத்திருப்பாள். இவளுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. அக்கா தன் ஷூவைக் காட்டித் தலையாட்டினார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எங்கள் கல்லைக் கைப்பிடியைப் பிடித்து இழுத்து வெளியே வைத்தாள்.

ரயிலில் டெல்லி வரும் வரை நான் அக்காவோடு பேசவில்லை. அந்தக் கையை வெட்டினால் என்ன என்றுகூட நினைத்தேன். மற்ற இருவரும் மாமியாரிடம் என்ன சொல்லலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள். நடுவர் ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்று சொல்வதாக முடிவானது. அக்கா வறுத்த கடலையை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

நால்வரும் சேர்ந்தே அவர் வீட்டுக்குப் போனோம். மாமியார் தறியில் இருந்தார்.

“எங்க மெடலு?”

“அது வந்துங்க, அங்க இருந்த நடுவர்...” என்று களம்பூர்ப் பெண் ஆரம்பித்தாள்.

“என் காலு கல்லு மேல பட்டுச்சு அத்தை” என்றார் அக்கா. “தொட்டு கும்பிட்டேன். அதுல தோத்துட்டோம்.”

தறி நின்றது. அவர் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தறி நிற்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“கும்பிட்டதுக்கா தோத்தீங்க?”

“ஆமா.”

“கால் பட்டா கும்பிடாம இன்னா பண்ணுவாங்க? இது இன்னாடி ஆட்டம்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்பதுபோல. நான் விதியை விளக்கினேன். ஓடுகிற கல்லைக் கையால் தொட்டது காலால் பட்டதைவிடப் பெரிய தப்பு என்றேன். அவர் கேட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

“ஏண்டி, காலைலேந்து பொழுது போற வரைக்கும் இந்தத் தறிய மிதிச்சிகினுதான கீறேன்? ஒவ்வொரு மிதிக்கும் குனிஞ்சி குனிஞ்சி கும்பிட்டா சேலை எப்ப முடியறது? எறங்கறதுக்கு முன்னால ஒரு வாட்டி தொட்டு கும்பிடுறேன். அன்னிக்கு மிதிக்கிற மிதி எல்லாம் அதுல அடங்கிப்பூடும். நீயும் அதான பண்ற? கல்லுக்கும் அதையே பண்றதுக்கு இன்னா? அடுத்த வருசம் போனா ஆட்டத்துக்கு முன்னாலயே எல்லாக் கல்லையும் தொட்டு கும்பிட்டுடு. அப்பால கால் பட்டா குனியாத.”

அடுத்த வருசம் என்ற சொல்லை நாங்கள் நால்வருமே பிடித்துக்கொண்டோம். மாமியாரும் கவனித்துவிட்டார். “இன்னும் ஒரே வாட்டி. அப்பயும் மெடல் இல்லன்னா பிரஷ்ஷு ஆத்துலதான். மாத்திப் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தறியை ஓட்டத் தொடங்கினார்.

அந்த ஒரு வருடம் எனக்கு ஒரே வேலை, அக்காவின் கையைக் கண்காணிப்பது. மண்டபத்துக்கு வந்ததும் எல்லாக் கற்களையும் வரிசையாக வைப்போம். அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். பிறகு ஆட்டம். முதலில் கை பாதி வழி வரை இறங்கிவிடும். “முன்னாடியே ஆச்சுக்கா!” என்று கத்துவேன். கை அந்தரத்தில் நின்று மேலே போகும். மெல்ல மெல்ல அந்தப் பாதியும் குறைந்தது. மாமியாரின் யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய் பஸ்ஸுக்கும் அதையே வைத்துக்கொண்டார். ஏறும்போதே படியைத் தொட்டுக் கும்பிட்டுவிடுவார். “உள்ள யார மிதிக்கப் போறமோ, எல்லாருக்கும் சேத்து” என்பார். அந்தப் பழைய கண்டக்டர் மறுபடியும் எங்களிடம் வந்து டிக்கெட் கொடுக்கத் தொடங்கினார். கார்த்திகை தீபம் வந்தபோது அக்காவுக்குக் குணமாகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். வியாதி அந்தக் கைதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் தை, மறுபடியும் அதே மலை ஊர், இந்த முறையும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்தான். எதிரணி வேறு. ஆரம்பிக்கும் முன் அக்கா எங்கள் கற்களையும் அவர்கள் கற்களையும் தொட்டுக் கும்பிட்டார். அவர்கள் ஏன் என்று ஜாடையில் கேட்டதற்குத் தன் காலைக் காட்டினார். புரிந்ததோ என்னவோ, சிரித்தார்கள்.

கடைசிச் சுற்றில் வந்தவாசிப் பெண் ஒரு கல் விட்டாள். நான் இப்போது வட்டத்துப் பக்கம் நின்று வழிகாட்டினேன். எதிரணித் தலைவி என் பின்னால் நின்றாள். கல் இரண்டு தடுப்புக் கற்களுக்கு நடுவில் நூல் பிடித்தது மாதிரி வந்தது. அக்காவும் களம்பூர்ப் பெண்ணும் தேய்த்த தேய்ப்பில் நேராக வந்து, அவர்கள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்து, புள்ளி மேல் நின்றது. இனி அதை அவர்களால் அசைக்க முடியாது. வெண்கலம் எங்கள் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அக்காவின் கை கீழே போகவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், போகவே இல்லை.

அது மேலே போனது. வகுப்பில் ஆஜர் சொல்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினார்.

அடிபட்டுவிட்டதோ என்று ஓடினேன். “இன்னாக்கா?”

“பட்டுச்சு.”

“எங்க? கால்லயா?”

“எனக்கு ஒண்ணியும் இல்ல. பிரஷ்ஷு கல்லு மேல பட்டுச்சு.”

எதிரணித் தலைவிக்கு எதுவும் தெரியாது. அவள் பார்க்கவில்லை, நடுவர் பார்க்கவில்லை, கூடவே தேய்த்த களம்பூர்ப் பெண்கூடப் பார்க்கவில்லை. கை ஏன் தூக்கியிருக்கிறது என்று எதிரணித் தலைவி என்னைப் பார்த்தாள். தமிழ் தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் நால்வர் மட்டும்தான். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை இன்னும் இறங்கவில்லை. எங்கள் தலைவி நான்; சொல்லவேண்டியது நான்தான். “டச்” என்றேன். அவள் கல்லை எடுத்துவிடச் சொன்னாள். அந்தச் சுற்றோடு தோற்றோம்.

அதுதான் அக்கா ஆடிய கடைசி ஆட்டம். மாமியார் சொன்ன சொல் மாறவில்லை, அக்காவும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. நான் பிறகு இன்னும் சில வருடங்கள் வேறு பெண்களோடு ஆடினேன். பதக்கமும் வாங்கினேன். அவரைப் போலத் தேய்ப்பவர் கிடைக்கவில்லை. ஆட்டத்தில் அவர் பக்கத்தில் இருந்தபோது எனக்கிருந்த நிம்மதியும் பிறகு கிடைக்கவில்லை.

அந்தக் கடைசி ஆட்டம் முடிந்ததும் ஷூ கழற்றுகிற பெஞ்சில் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோபமாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது. “யாருமே பாக்கலியேக்கா. அதான் மொதல்லயே எல்லாக் கல்லையும் கும்பிட்டாச்சே. இதோட உங்க ஆட்டம் முடிஞ்சிதுன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியும்” என்றார். ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, விரல் நுனிகளை இரண்டு கண்ணிலும் ஒற்றினார். இந்த முறை எதையும் தொட்டுவிட்டு ஒற்றவில்லை. விரல் ஈரமாக இருந்தது.

பிறகு சொன்னார், “கும்பிட வேணாம்னுதாண்டி அத்தை சொன்னாங்க. சொல்ல வேணாம்னா சொன்னாங்க?”